கன்டெய்னர் வரிசையும் ஒரு விண்முகிலும்

என்னை மாதிரி முட்டாள் கையில் அட்லஸ் கொடுக்கக் கூடாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாக ஒப்புக்கொள்கிற வேலை மிச்சம். விண்முகிலைப் படம் பிடிக்க உலகத்தில் இருட்டான இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. பாலைவனம் இருக்கிறது, மலை உச்சி இருக்கிறது, ஆளில்லாத தீவு இருக்கிறது. ஈப்போவிலிருந்து கடல் தாண்டிப் போய் நான் தேர்ந்தெடுத்தது வட சென்னையில் எண்ணூர் நெடுஞ்சாலை.

அட்லஸில் திருவொற்றியூருக்குக் கிழக்கே ஒரே நீலம், கடல். வடக்கே இன்னொரு நீலம், எண்ணூர்க் கழிமுகம். இரண்டு பக்கமும் தண்ணீர் என்றால் விளக்கு இருக்காது, விளக்கு இல்லையென்றால் இருட்டு, இருட்டு என்றால் நட்சத்திரம் என்று கணக்குப் போட்டேன். அனல்மின் நிலையத்தையும், எண்ணெய் ஆலையின் புகைபோக்கித் தீயையும், துறைமுகத்தின் கோபுர விளக்குகளையும் அட்லஸில் வரைவதில்லை. வரைந்திருந்தாலும் கவனித்திருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

தாமோதரன் மீது ஒரு குற்றமும் இல்லை. தொலைநோக்கி செய்கிறவர்களின் கடிதங்களை அச்சிடும் ஒரு சிறு பத்திரிகை மூலம் அவர் எனக்குப் பழக்கம். "எங்கள் மொட்டை மாடியிலிருந்து வேட்டைக்காரன் விண்முகில் தெரியும். இரவு முழுக்க வெளிச்சமாக இருக்கும்" என்று இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதியிருந்தார். கவிதையாக எழுதுகிறார், பாவம், என்று நினைத்தேன். அவர் கவிதை எழுதவில்லை, உண்மையை எழுதியிருந்தார்.

விண்முகில் என்றால் பயந்துவிட வேண்டாம். வானத்தில் கிடக்கிற வாயுவும் தூசும்தான். தை மாதத்தில் கிழக்கே மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் தெரியுமே, அது வேட்டைக்காரனின் இடுப்பு. இடுப்புக்குக் கீழே ஒரு கத்தி தொங்கும். கத்தியின் நடுவில் இருக்கிறது அந்த முகில். தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் சாம்பல் நிறம். காமிராவைப் பூட்டிச் சில நிமிடம் திறந்து வைத்தால் படச்சுருளில் ரோஜா நிறம் விழும். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் காமிரா வாங்கினேன். ஆனால் ஈப்போவில் மாலை நாலு மணிக்கு மழை, ஆறு மணிக்கு மேகம். ஒன்றரை வருடத்தில் ஒரு முழுச் சுருள் எடுத்தேன். முப்பத்தாறு படத்தில் முப்பத்தைந்து மேகம், ஒன்று என் கட்டைவிரல்.

அப்போதுதான் பெரம்பூரில் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கல்யாணம் வந்தது. மனைவியிடம் சொன்ன காரணம் கல்யாணம். பெட்டியில் போனது ஒரு வேட்டி, ஒரு காமிரா, நாலு ரோல் படச்சுருள், காமிராவைத் தொலைநோக்கியோடு பூட்டும் வளையம் ஒன்று. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளைக்கு முன்னால் நான் மண்டபத்தைவிட்டுக் கிளம்பினேன்.

புதன்கிழமை. ஆட்டோக்காரரிடம் திருவொற்றியூர் என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"அவசரமா சார்?"

இல்லை என்றேன்.

"அப்ப குந்து."

தண்டையார்பேட்டை தாண்டிக் கடற்கரைச் சாலையைப் பிடித்ததும் அந்தக் கேள்வியின் பொருள் விளங்கியது. துறைமுக வாசலை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் நின்றன. போகிற பக்கம் ஒரு வரிசை, வருகிற பக்கத்தையும் பிடித்துக்கொண்டு இன்னொரு வரிசை. சிவப்பு, நீலம், பச்சை என்று இரும்புச் சுவர் கண்ணுக்கு எட்டிய தூரம் போனது. டிரைவர்கள் லாரிக்கு அடியில் கயிற்றுத் தொட்டில் கட்டித் தூங்கினார்கள். ஒருவர் டயருக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டிக் கத்திரிக்காய் வதக்கினார். நல்ல மணம்.

"ஸ்டிரைக்கா?" என்றேன்.

"ஸ்டிரைக்கு இல்ல சார், தெனம் இதான். உள்ள போறதுக்கு மொறை வரணும். வரிசைல நிக்கும்போதே மீசை மொளைச்ச டிரைவருங்கோ கீறாங்கோ." ஆட்டோவை லாரிக்கும் கடற்சுவருக்கும் நடுவே நுழைத்தார். என் முழங்கையை நானே உள்ளே இழுத்துக்கொண்டேன். "உங்க ஊர்ல ரோடு இப்டி இல்லியா?"

இல்லை, எங்கள் ஊரில் லாரி போய்க்கொண்டே இருக்கும் என்றேன்.

"அப்ப பேஜாரா இருக்குமே," என்று மனதார வருத்தப்பட்டார்.

தாமோதரனுக்கு நாற்பது வயது இருக்கும். நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு. கீழே லேத் பட்டறை, அதில் முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. நடுவில் குடித்தனம். மேலே மொட்டை மாடி. கையில் கிரீஸோடு என்னைக் கட்டிப்பிடித்தார். கல்யாணத்துக்காகத் தைத்த வெள்ளைச் சட்டை அன்றோடு ஓய்வு பெற்றது.

"வா நைனா! நாஸ்தா துண்ணியா? மொதல்ல மேல வா, அப்பால துண்ணலாம்."

மேலே போனேன். அந்தத் தொலைநோக்கியைப் பார்த்ததும் என் காமிரா வெட்கப்பட்டது. உடைத்த கப்பலின் வட்ட ஜன்னல் கண்ணாடியை ராயபுரம் காயலான் கடையில் எடைக்கு வாங்கி, ஒரு வருடம் கையால் தேய்த்துக் குழிவாக்கியிருந்தார். உடம்பு பிவிசி குழாய். பூமி சுழல்வதற்குச் சரியாகத் தொலைநோக்கியைத் திருப்ப, லேத் மெஷினின் பல்சக்கரங்கள். நட்சத்திரத்தைக் குறி பார்க்கப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய். அதன் உள்ளே சிலுவை மாதிரி இரண்டு கோடு.

"கோடு இல்ல. எங்க வூட்டுக்காரம்மா முடி," என்றார். "கம்பி போட்டுப் பாத்தேன், மொத்தம். முடிதான் சோக்கா கீது."

எல்லாம் சரி, இருட்டு எங்கே என்று கேட்டேன். சூரியன் மறைந்து அரை மணி ஆகியிருந்தது. மேற்கே ஆலையின் தீ வானத்தை ஆரஞ்சாக அடித்தது. வடக்கே புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள். தெற்கே துறைமுகம், கல்யாண மண்டபம் மாதிரி. நடுராத்திரியில்கூட அந்த மாடியில் பேப்பர் படிக்கலாம்.

"அதான் எழுதியிருந்தனே நைனா, ராவெல்லாம் வெளிச்சம்னு. அதுக்குன்னு அழுவாத. கெழக்க பாரு."

கிழக்கே கடல். நங்கூரம் போட்ட கப்பல்களின் பொட்டு வெளிச்சத்துக்கு மேலே, ஆமாம், வேட்டைக்காரன் ஏறிக்கொண்டிருந்தான். எட்டு மணிக்குக் கண்ணை வைத்தேன். கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அந்த மாதிரி ஒரு வெண்படலம். நடுவில் நாலு குட்டி நட்சத்திரம். வாயைத் திறந்தபடி நின்றேன்.

"ஆறு வருசமா இத்தத்தான் பாக்குது," என்று பின்னால் ஒரு குரல். "மூக்கு சிந்தின கர்ச்சீப்பு மாதிரி கீது."

தாமோதரனின் மனைவி கஸ்தூரி. ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் சாயம் சரி பார்க்கிற வேலை. நூறு சட்டையில் ஒன்றின் காலர் ஒரு சாயல் மாறியிருந்தாலும் தூக்கி எறிகிற கண். அந்தக் கண்ணோடு என் சட்டைக் கிரீஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டையும் தூக்கி எறியத்தான் நினைத்திருப்பார்.

சோறு போட்டுக்கொண்டே விஷயத்தை அவரே சொன்னார். காசிமேட்டுச் சுறாவில் புட்டு. ஈப்போவில் சுறாவைச் சூப்பாக்கி வீணடிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ண்ணா, நான் ஒண்ணும் கெட்டவ இல்ல. தண்ணி லாரி மூணு நாளைக்கு ஒருவாட்டி வருது. வூட்ல கொடம் பதினெட்டு கீது. தொட்டி ஒண்ணு கட்டியே ஆவணும். மேஸ்திரி வந்து பாத்தாரு. அந்த மூலைலதான் தூண் கீது, தொட்டி வெயிட்ட அதான் தாங்கும்ங்கறாரு. அங்க இது கொழாய நட்டு வெச்சிருக்குது. நீயே சொல்லு."

"வேற எடத்துல நட்டா தளம் ஆடும்," என்றார் தாமோதரன் தட்டைப் பார்த்தபடி. "ஒருத்தர் நடந்தா நச்சத்திரம் டான்ஸ் ஆடும். தொட்டிய மாடிப்படி ரூம் மேல கட்டலாம்."

"கட்டலாம். ஏணி போட்டு ஏறி அத்தக் கழுவறது யாரு? அந்த வேட்டக்காரனா?"

புட்டில் இல்லாத முள்ளைக் கவனமாக எடுப்பதுபோல் நடித்தேன்.

"கேட்டா, அதுல கலர் கீதுங்குது. ரோஸாம். நானும் பாத்துட்டேன், கலரும் இல்ல ஒண்ணும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத கலர நம்பித் தொட்டிய வுட்டுக் குடுக்கணுமா? மேஸ்திரி திங்கக்கெழம வராரு. அதுக்குள்ள அந்தக் கலர எங்கிட்ட காமிங்கோ. காமிச்சா தொட்டி ரூம் மேல போவட்டும், ஏணியில நானே ஏறுறேன். இல்லாங்காட்டி கொழாயி காயலான் கடைக்குப் போவட்டும்."

நியாயமான பேச்சு. அதனாலேயே பயமாக இருந்தது. தாமோதரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அன்று இரவே வேலையைத் தொடங்கினோம். தாமோதரன் சின்னக் குழாயில் கண்ணை வைத்து, நட்சத்திரம் முடியின் சிலுவையைவிட்டு நகராமல் திருகாணியைத் திருகுவார். "ஒரு நூல் போவுது... சரியாச்சு," என்று சொல்லிக்கொள்வார். பட்டறைக்காரர்களுக்கு ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. வானத்தில் அது எத்தனை கோடி மைல் என்று நான் கேட்கவில்லை. என் வேலை, காமிராவின் கதவைத் திறப்பது, மூன்று நிமிடம் எண்ணுவது, மூடுவது. இதையும் சொதப்ப முடியும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

பத்தாவது படம் முடிந்த சந்தோஷத்தில் இரண்டடி பின்னால் வைத்தேன். மாடிப்படியின் மேல்முனையில் வரிசையாகக் குடங்கள் இருந்தன. ஒன்று உருண்டது, இரண்டாவதைத் தட்டியது, இரண்டும் படிப்படியாக இறங்கிக் கஸ்தூரியின் காலடியில் போய் நின்றன. தண்ணீர் அவற்றுக்கு முன்பே போய்விட்டது.

மறுநாள் விடியற்காலை என் தலைமாட்டில் இரண்டு காலிக் குடம் இருந்தது.

வியாழக்கிழமை லாரித் தண்ணீர் வரிசையில் நின்றேன். நாற்பது பெண்கள், நான் ஒருவன். ஈப்போவில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கிற ஆசாமி நான். ஒரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கப் பார்த்தேன். இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு வயிறுதான் இருக்கிறது. குடம் வழுக்கியது.

"யாருடி இது புது ஆளு?"

"கஸ்தூரி வூட்டு சிங்கப்பூரு. நச்சத்திரம் பாக்க வந்துகீது."

மலேசியா என்று திருத்தினேன். யாரும் கேட்கவில்லை.

"நச்சத்திரம் அங்க இல்லியா?"

"இருக்கும். வரிசைல நிக்கத் தெரியாம வந்துகீறாரு போல."

சிரிப்பு அடங்கும்வரை தண்ணீர் லாரிக்காரரே குழாயை மூடி வைத்திருந்தார். தோளில் ஏற்றிக்கொண்டு வீடு சேர்ந்தபோது குடத்தில் முக்கால், சட்டையில் கால்.

சாயங்காலம் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் சுருளைக் கழுவக் கொடுத்தோம். துணிக்கடைக் கூட்டத்தில் தாமோதரனைத் தொலைத்து, அத்தோ கடை ஒன்றின் முன்னால் கண்டுபிடித்தேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். கையாலேயே பிசைந்து, பொரித்த வெங்காயம் தூவி, வாழைத்தண்டு சூப்போடு தருகிறார்கள். எங்கள் ஊர் மீ கோரெங் நூடுல்ஸுக்கு இது பெரியப்பா முறை. இரண்டு தட்டு சாப்பிட்டேன். மூன்றாவதைத் தாமோதரன் தடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஸ்டூடியோக்காரர் வருத்தமான முகத்தோடு வந்தார். "ரோல் ஃபுல்லா அவுட் சார். ஒண்ணும் விழல. அதான் பிரிண்ட் போடல."

வெளியே வந்து நெகட்டிவை வெயிலில் பிடித்துப் பார்த்தோம். விழுந்திருந்தது. ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு குட்டிப் புழுவாக நெளிந்திருந்தது. முகில் இருக்க வேண்டிய இடத்தில் புழுக்கூட்டம். வீட்டில் கஸ்தூரி வாங்கிப் பார்த்தார்.

"இத்தக் காமிக்கத்தான் வண்ணாரப்பேட்டை போனீங்களா? எங்கம்மா வூட்டு அரிசியிலயே கீது," என்று திருப்பிக் கொடுத்தார்.

தாமோதரன் பட்டறையில் போய் உட்கார்ந்தார். மெஷினை ஓட்டவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு இது ஆடினதாகத் தெரியவில்லையே, நைனா, என்றார். நெகட்டிவைத் திரும்பவும் பார்த்துவிட்டு, "கண்ணு பழகிக்கும். பிலிம் பழகிக்காது," என்று அவரே சொல்லிக்கொண்டார். அப்போது மேஜைமேல் இருந்த டீ கிளாஸில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. வெளியே வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு லாரி உறுமி ஒரு லாரி நீளம் போய் நின்றது. பின்னால் அடுத்தது. அதன் பின்னால் அடுத்தது. எல்லாம் நின்றதும் டீயும் நின்றது.

இருவரும் டீயையே பார்த்தோம்.

கன்டெய்னர் லாரி நகர்ந்தால் மண் ஆடுகிறது, மண் ஆடினால் தூண் ஆடுகிறது, தூண் ஆடினால் நட்சத்திரம் புழுவாகிறது. வரிசை நின்றால் எல்லாம் கல். அன்று இரவு மாடியில் சோதித்தோம். இரண்டு நிமிடம் நட்சத்திரம் கஸ்தூரியின் முடியைவிட்டு அசையவில்லை. பிறகு திடீரென்று துள்ளியது. எட்டிப் பார்த்தால் கீழே லாரிகள் நகர்கின்றன. எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. துறைமுக வாசலில் யாரோ ஒருவர் ஒரு சீட்டில் முத்திரை குத்தினால் இங்கே வேட்டைக்காரனுக்கு வலிப்பு வருகிறது. எந்தப் படமும் ஒழுங்காக மூன்று நிமிடத்தை எட்டவில்லை.

"வட சென்னையே இந்த வரிசை நகரணும்னு சாமி கும்புடுது," என்றார் தாமோதரன். "நாம நிக்கணும்னு கும்புடுறோம். வெளிய சொல்லாத, அடிப்பானுங்கோ."

சனிக்கிழமை மாலை வீட்டு வாசலுக்கு நேராக ஒரு லாரி நின்றிருந்தது. டிரைவர் முருகேசன், நாமக்கல்காரர். என்னைப் பேச அனுப்பினார் தாமோதரன். வெளியூர்க்காரன் உளறினால் மன்னித்துவிடுவார்களாம். உளறினேன். முன்னால் வண்டிகள் நகர்ந்தாலும் நீங்கள் பத்து நிமிடம் நகரக் கூடாது, நீங்கள் நகராவிட்டால் பின்னால் ஒருத்தரும் நகர முடியாது, பக்கத்து வரிசையையும் நீங்களே பேசிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு விண்முகில்.

முருகேசன் பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க, ரெண்டு நாளா வரிசைல நிக்கறேன். இப்பத்தான் நகருது. நிக்கச் சொல்றீங்க."

ஆமாம் என்றேன்.

"அந்த நட்சத்திரம் நாளைக்கும் அங்கயேதானுங்க இருக்கும்?"

அது இருக்கும், தொலைநோக்கி இருக்காது என்று தொட்டிக் கதையைச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி என்றதும் அவர் முகம் மாறியது. வீட்டில் சம்சாரம் ஒன்று கேட்டால் என்ன ஆகும் என்பது நாமக்கல்லுக்கும் தெரியும் போலிருக்கிறது.

"மொதல்ல நான் ஒருக்கா பாக்கோணும்," என்றார்.

மாடிக்கு வந்து கண்ணை வைத்தார். ஒரு பாட்டு முடிகிற நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இதுக்காவது வரிசை இல்லாம இருக்குதுங்களே," என்றார். இறங்கிப் போய் பக்கத்து வரிசை டிரைவரிடம் ஏதோ பேசினார். அவர் தெலுங்கில் திட்டிவிட்டு, பீடி பற்றவைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

எட்டரை மணிக்குக் கதவைத் திறந்தேன். முதல் மூன்று நிமிடம் அற்புதமாகப் போனது என்று நினைத்தேன். இரண்டாவது படத்துக்கு நடுவில் முன்னால் இருந்த லாரிகள் நகர்ந்தன. முருகேசன் நகரவில்லை. அவர் முன்னால் ஐம்பது அடி காலி. பிறகு நாலு லாரி தூரம் காலி. இந்தச் சாலை அப்படியொரு காலியிடத்தை அதுவரை பார்த்ததே கிடையாது. பின்னால் ஒரு ஹாரன் தொடங்கியது. பிறகு பத்து. பிறகு திருவொற்றியூர் முழுக்க ஹாரன். ஆனால் சத்தம் வேறு, ஆட்டம் வேறு. நட்சத்திரம் முடியிலேயே நின்றது.

"யோவ், வண்டிய எட்றா!"

"எஞ்சின்ல கோளாறுங்க!" என்று முருகேசன் வண்டிக்கு அடியில் படுத்துக் கயிற்றுத் தொட்டிலில் ஆடியபடியே குரல் கொடுத்தார்.

கீழே நாலைந்து டிரைவர்கள் இறங்கி அவரை நோக்கி நடந்தார்கள். மூன்றாவது படம், ஒரு நிமிடம் ஆகியிருந்தது. இப்போது அடிதடி, போலீஸ், ஈப்போவில் மனைவிக்குத் தந்தி என்று வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தேன், வினாடிகளைத் தவிர. அப்போது என் தோளுக்குப் பக்கத்தில் இடி விழுந்தது.

"யோவ் கஸ்மாலம்! இன்னாத்துக்கு ஆரன் அடிக்கிற? ரெண்டு நாளா நின்னுகினுதான கீற, ரெண்டு நிமிசத்துல இன்னா கொறஞ்சிரும்? மேல படம் புடிச்சிகினு கீறாங்கோ, கண்ணு தெரியல?"

கஸ்தூரி. முருகேசனுக்கு டீ எடுத்துக்கொண்டு போகிற வழியில் மேலே எட்டிப் பார்க்க வந்தவர். கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பு வெளியே, கையில் டீச் சொம்பு. நடந்து வந்த டிரைவர்கள் நின்று மேலே பார்த்தார்கள். ஒருத்தர், "இன்னா படம்கா? ஈரோயின் யாரு?" என்றார்.

"நான்தான்டா," என்றார் கஸ்தூரி.

கீழே ஒரே சிரிப்பு. மூன்று நிமிடம் முடிந்தது. மூடினேன். முருகேசனின் எஞ்சின் அதிசயமாகக் குணமானது. பத்து லாரி உறுமின. வேட்டைக்காரன் திரும்பவும் குதிக்க ஆரம்பித்தான்.

ஞாயிறு காலை. இந்தத் தடவை எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் கறுப்புப் படங்களைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்காக, சுருளின் முதல் படமாகத் குடத்தோடு கஸ்தூரியை எடுத்து வைத்திருந்தேன். கறுப்பில் ஒரு படம் எங்கே முடிகிறது என்று தெரியாதே, அதனால் அதை அளவாக வைத்து மற்றதையும் வெட்டச் சொன்னேன். எதையும் விடாமல் அச்சுப் போடச் சொல்லி அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். மெஷின் ஒவ்வொன்றாகத் துப்பியது. கஸ்தூரி குடத்தோடு, பிரமாதம். அடுத்தது, என் கைநடுக்கம். அடுத்தது, பழுப்பு. அதற்கடுத்ததை ஸ்டூடியோக்காரர் கையில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். முகம் கனிந்தது.

"ஸ்கேனா சார்?" என்றார் தாழ்ந்த குரலில். "எத்தினி மாசம்?"

பிடுங்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் ஆலையின் ஆரஞ்சு. ஆனால் நடுவில் சிறகு விரித்தாற்போல், நாலு நட்சத்திரத்தைச் சுற்றி, ரோஜா நிறம். புழு ஒன்றுகூட இல்லை. புது நட்சத்திரங்கள் பிறக்கிற இடம் அது என்கிறார்கள், ஆகவே ஸ்டூடியோக்காரர் சொன்னது பெரிய தப்பில்லை. தாமோதரன் என் கையிலிருந்து வாங்கினார். கிரீஸ் படாமல் ஓரத்தைப் பிடிக்க மூன்று தடவை விரலை மாற்றினார். வீடு வரைக்கும் அந்த மாதிரியே பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். நான் பேசிய ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை.

கஸ்தூரி கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு வந்து பார்த்தார். கம்பெனியில் சட்டைக் காலரைப் பார்க்கிற பார்வை. படத்தைச் சாய்த்தார், நிமிர்த்தினார்.

"ரோஸுன்னு சொன்ன," என்றார் கணவரைப் பார்த்து.

தாமோதரன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இது ரோஸ் இல்ல. வெங்காயக் கலரு." இன்னொரு தடவை சாய்த்தார். "நல்ல வெங்காயக் கலரு. இந்தச் சாயம் எங்க கம்பெனில ஒருவாட்டிகூட இப்டி சுத்தமா ஏறினதில்ல. நம்ம மாடிலேந்தா?"

"நம்ம மாடிலேந்துதான்," என்றார் தாமோதரன்.

"இந்த லாரிங்க மேலயா?"

"மேலதான்."

படத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். தண்ணீர் லாரி வருகிற நேரம். ஒரு மணி நேரம் கழித்துப் படம் திரும்பி வந்தது. ஓரத்தில் நாற்பது பெண்களின் ஈரக் கைரேகை. ஈப்போ திரும்பியதும் என் தலைமாட்டில் அப்படியொரு படம் மாட்டினேன். ஆனால் அதில் யார் கைரேகையும் இல்லை, அதனால் அத்தனை அழகில்லை.

திங்கட்கிழமை மேஸ்திரி நூல்கயிற்றோடு வந்தார். நேராக அந்த மூலைக்குப் போய்க் குழாயைத் தட்டினார். கஸ்தூரி அவர் தோளைத் தொட்டுத் திருப்பி, மாடிப்படி அறையின் கூரையைக் காட்டினார். "ஏணி ஸ்ட்ராங்கா போட்டுக் குடு" என்றது மட்டும் எனக்குக் கேட்டது. கீழே பட்டறையில் லேத் மெஷின் ஓடத் தொடங்கியது. நாலு நாளாக அது ஓடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வாசலில் வழக்கம்போல லாரி வரிசை. ஆட்டோ கிடைக்க அரை மணியாவது ஆகும். போகிற வேகத்தில் படியோரம் இருந்த ஒரு குடத்தைப் பெட்டியால் இடித்தேன். இது காலிக் குடம், தண்ணீர் சிந்தவில்லை, சத்தம்தான் தெருவரை போனது. கஸ்தூரி கையில் சுறாப் புட்டுப் பொட்டலத்தோடு வந்தார், வழியில் சாப்பிடுவதற்கு.

என் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்காரனின் இடுப்புக்குப் பக்கத்திலேயே குதிரைத் தலை மாதிரி இன்னொரு முகில் இருக்கிறது, அதை எடுக்க ஒரு மணி நேரமாவது வரிசை நிற்க வேண்டும், அடுத்த பொங்கலுக்குக் காமிராவோடு வந்து பத்து நாள் தங்கட்டுமா, கஸ்தூரி, என்று கேட்டேன்.

உருண்டுகொண்டிருந்த குடத்தைக் காலால் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"நீ வாணாண்ணா, கேமராவ மட்டும் அனுப்பு."